மெலிந்த தண்டுக்குப் பின்னால் ஒரு கை

(புனித வாரத் திங்கட்கிழமை வானொலி மறையுரை)
வாசகங்கள்: எசாயா 42:1-7, யோவான் 12:1-11



நேற்று குருத்தோலைகளைக் கையில் ஏந்திப் பவனி வந்தோம். வருகிற வியாழனன்று ஆண்டவர் தம் கையில் கிண்ணத்தை எடுப்பதைத் தியானிக்கப் போகிறோம். இரண்டுக்கும் நடுவே வருகிற இன்றைய நாளுக்குத் திருஅவை தேர்ந்துகொடுத்திருக்கும் முதல் வாசகம், ஆண்டவருடைய ஊழியரைப் பற்றியது. அவர் கூச்சல் போடுகிறவர் அல்ல என்கிறார் எசாயா. ஏற்கெனவே நொந்து வளைந்துபோன ஒரு நாணலைக்கூட அவர் ஒடித்துவிட மாட்டாராம். அணையப்போகிற திரியை ஊதி அணைக்க மாட்டாராம். புனித மத்தேயு தம் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் இந்தப் பகுதியை எடுத்து, அந்த ஊழியர் இயேசுவே என்று நமக்குக் காட்டுகிறார்.

கேட்பதற்கு இனிமையான வாசகம். ஆனால் நொந்துபோன ஒன்றை ஒடியாமல் கையாள்வது அவ்வளவு எளிதா? நாம் அன்பு வைத்திருக்கிறவர்களையே நம் கையால் ஒடித்துவிடுகிறோமே, அது ஏன்? இதை நமக்குச் சொல்லித்தர நம் பக்கத்திலேயே ஒரு தொழில் இருக்கிறது. அதுதான் மரக் கடைசல்.

நம் தளியிலிருந்து மேற்கே, கர்நாடக எல்லையைத் தாண்டி, நேர்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் சன்னபட்டணா இருக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகிறவர்கள் வழியில் அந்த ஊரின் மரப் பொம்மைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக மின்னும் பொம்மைகள், வளையல்கள், குங்குமச் சிமிழ்கள். 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றவை அவை. திப்பு சுல்தான் காலத்தோடு அந்தத் தொழிலைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியரின் கடைசல் முறைகளைக் கற்று வந்து ஊராருக்குச் சொல்லிக்கொடுத்ததால் தொழில் புது உயிர் பெற்றது. நம் தமிழகத்திலும் அம்பாசமுத்திரத்தில் இதே வகைக் கடைசலில் மரச் சொப்புச் சாமான்கள் செய்கிறார்கள். அந்தச் சொப்புகளை வைத்துச் சோறு பொங்கி விளையாடிய பாட்டிமார்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சன்னபட்டணாவில் வழிவழியாகப் பயன்படுத்துகிற மரம் நமக்குத் தெரிந்த வெட்பாலைதான். தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுகிறோமே, அதே மரம். கிளையை ஒடித்தால் பால் வரும். அதனால்தான் நாம் பாலை என்கிறோம். கன்னடத்திலும் பாலை வைத்தே அதற்குப் பெயர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மரம், ஒரே பொருளில் பெயர். தந்தம் போல வெளுத்த, நெருக்கமான இழைகள் கொண்ட மரம் அது. வெட்டிய உடனே கடைய மாட்டார்கள். ஈரத்தோடு கடைந்தால் பிறகு காயும்போது கோணும், வெடிக்கும். ஆகவே மாதக்கணக்கில் உலர விடுவார்கள்.

அன்பானவர்களே, கடைசல் பிடிக்கிறவருக்குப் பொம்மையை விடக் கடினமான வேலை ஒன்று உண்டு. மேலே கிண்ணம், கீழே பாதம், இரண்டுக்கும் நடுவில் விரலை விட மெலிந்த ஒரு தண்டு. இப்படி ஒரு கோப்பையை ஒரே கட்டையிலிருந்து கடைந்தெடுப்பதுதான் அது. கட்டை ஒரு முனையில் இயந்திரத்தின் பிடியில் இருக்கும். அது வேகமாகச் சுழலும். உளி அதைத் தொடும். தண்டு மெலிய மெலிய மரம் நடுங்கத் தொடங்கும். ஒரு கணம் கை தவறினால் கிண்ணம் தனியே பறந்துபோகும். அதுவரை செய்த வேலை முழுவதும் வீண்.

இதைக் கேட்கிறபோது நம் ஓசூர்ப் பகுதித் தம்பிமார்கள் சிலர் தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். சிப்காட்டிலும், எல்லை தாண்டி பொம்மசந்திரா, ஜிகணி பக்கத்திலும் எத்தனையோ பேர் இரும்பைக் கடைகிற லேத்தில் வேலை செய்கிறீர்கள். நீளமான மெல்லிய தண்டைக் கடையும்போது அது வளைந்து அதிரும். அதற்காக நடுவில் ஸ்டெடி ரெஸ்ட் என்ற தாங்கியை வைக்கிறீர்கள். இதில் ஒரு கணக்கும் உண்டு. தண்டின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்துக்கு அது வளைவது இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கும் அல்ல, 16 மடங்கு. நேற்று தாங்கிய அதே அழுத்தத்தை இன்று அந்தத் தண்டு தாங்காது. மரமும் மாறவில்லை, உளியும் மாறவில்லை. தண்டு மெலிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். "போன வருஷம் இதே பேச்சைத்தானே பேசினேன், அப்போது பேசாமல்தானே இருந்தான்? இப்போது மட்டும் ஏன் இப்படி உடைந்துபோகிறான்?" என்று கேட்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். "நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லையே" என்கிற மாமியார்கள் இருக்கிறார்கள். உண்மைதான். நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இடையில் மெலிந்துவிட்டான். அந்த மருமகள் இடையில் மெலிந்துவிட்டாள். காண்டிராக்ட் வேலை முடிந்துபோயிருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டான். ஒரு கரு கலைந்திருக்கும், அழக்கூட அவளுக்கு நேரம் கிடைத்திருக்காது. அதே அழுத்தம்தான், ஆனால் 16 மடங்கு வளைவு.

அப்படியானால் அந்தக் கோப்பையை எப்படித்தான் கடைந்து முடிக்கிறார்கள்? மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வரிசை. கிண்ணத்தின் உட்புறத்தைக் குடைவதுதான் முரட்டு வேலை. அதை முதலிலேயே, கீழே கட்டை பருமனாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பிறகுதான் தண்டு. தண்டையும் ஒரே மூச்சில் கடைவதில்லை. கிண்ணத்தின் அடியிலிருந்து பாதத்தை நோக்கி, சிறிது சிறிதாக, ஒரு பகுதியை முழுவதும் முடித்துவிட்டே அடுத்த பகுதிக்குப் போவார்கள். மெலிந்துபோன இடத்துக்கு உளியோடு திரும்பிப் போக மாட்டார்கள். போனால் ஒடியும்.

நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் மெலிந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் பழைய கணக்கைத் தோண்டுகிறோம். "அப்போதே சொன்னேன் கேட்டாயா?" என்கிறோம். சொல்லவேண்டிய கண்டிப்பைத் திடமாக இருந்த காலத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு, விழுந்து கிடக்கும்போது சொல்கிறோம். கண்டிப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. குடையாமல் கிண்ணம் உண்டாகாது. ஆனால் அதற்கு ஒரு வேளை இருக்கிறது.

இரண்டாவது, உளியின் கூர்மை. மெலிந்த இடத்தில் மழுங்கிய உளியை வைக்கவே கூடாது. ஏனென்றால் மழுங்கிய உளிதான் அதிகம் அழுத்தச் சொல்லும். கூரான உளி லேசாகத் தொட்டாலே போதும், சீவல் சுருண்டு வரும். வீட்டிலும் அப்படித்தான். ஒரு முறை, தனியாக, தெளிவாக, அன்போடு சொல்லப்படும் ஓர் உண்மை கூரான உளி. அது காரியத்தை முடித்துவிட்டு விலகிவிடும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும் அதே புலம்பல், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு அதே ஒப்பீடு, இவை மழுங்கிய உளி. சீவாது, அழுத்த மட்டும் செய்யும்.

மூன்றாவது, தாங்கும் கை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கடைசல்காரர் ஒரு கையால் உளியைப் பிடித்திருப்பார். மற்றக் கையின் விரல்களைத் தண்டின் பின்புறம் மெல்ல வைத்திருப்பார். உளி முன்னாலிருந்து எவ்வளவு தள்ளுகிறதோ, அந்த அளவுக்குப் பின்னாலிருந்து விரல் தாங்கும். அதற்கு மேல் அல்ல. விரல் அதிகமாகத் தள்ளினால் தண்டு முன்பக்கம் வளைந்து உளியில் மாட்டிக்கொண்டு அப்போதும் ஒடியும். கிண்ணத்துக்குள்ளும் ஒரு துணியையோ தாளையோ மெத்தென்று வைத்து, எதிர்முனைத் தாங்கியை இலேசாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்வார்கள். செதுக்குகிற அதே ஆள்தான் தாங்கவும் செய்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

பிள்ளையைத் தாங்குகிறேன் என்று சொல்லி, அவன் படிக்கவேண்டிய படிப்பு, பேசவேண்டிய பேச்சு, கட்டவேண்டிய பெண் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்கிற பெற்றோரும் உண்டு. அங்கே கை தாங்கவில்லை, தள்ளுகிறது. தாங்குகிற கை தண்டு நடுங்குவதை உணரும் அளவுக்கு அருகில் இருக்கவேண்டும். அதைத் தன் பக்கம் வளைக்கும் அளவுக்கு அழுத்தக் கூடாது.

இனி நிறத்துக்கு வருவோம். அந்தக் கோப்பைக்குத் தூரிகையால் வண்ணம் பூசுவதில்லை. அரக்கை உருக்கி, அதில் நிறத்தைச் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக இழுத்து வைத்திருப்பார்கள். மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று செடிகொடிகளிலிருந்து எடுத்த நிறங்களும் அதில் உண்டு. சுழல்கிற மரத்தின்மேல் அந்தக் குச்சியை வைத்துப் பிடித்தால் உராய்வில் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவும். பிறகு காய்ந்த தாழை ஓலையை அதன்மேல் பிடித்தால் பளபளப்பு ஏறும். வெளியே நெருப்பு கிடையாது. சுழற்சியின் சூட்டிலேயே நிறம் ஒட்டுகிறது. அதிகம் அழுத்தினால் அரக்கு கருகும், தண்டும் ஒடியும். அழுத்தமே இல்லாவிட்டால் உருகாது, ஒட்டாது. அன்றாட ஓட்டம்தான் நம்மேலும் நிறம் ஏற்றுகிறது. ஷிப்ட், சமையல், வட்டி, வயல் என்று சுழன்றுகொண்டிருக்கும் அந்த ஓட்டத்தில் யார் நம்மைத் தொடுகிறார்களோ, அவர்களுடைய நிறம் நம்மேல் ஒட்டிக்கொள்கிறது. எந்த நிறத்தை நாம் பிறர்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று இந்த வாரத்தில் ஒரு முறை யோசித்துப் பார்ப்போமாக.

அந்த அரக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது அது. நம் நாட்டில் அது மிகுதியாகக் கிடைப்பது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளில். பழங்குடி மக்கள் சேகரித்துத் தருகிறார்கள். அதே ஜார்க்கண்டிலிருந்து எத்தனையோ இளம்பெண்கள் நம் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள். இருபது வயதுகூட ஆகாதவர்கள் அவர்களில் உண்டு. விடுதியில் தங்கி, தெரியாத மொழி நடுவே ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களிலும் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்த் திருப்பலியில் பின்வரிசையில் நின்று, பாட்டுப் புரியாமல், அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் பெயரை யாராவது கேட்டிருக்கிறோமா?

அன்பார்ந்தவர்களே, இப்போது நற்செய்திக்கு வருவோம். பெத்தானியாவில் விருந்து. இறந்து உயிர்பெற்ற இலாசர் பந்தியில் அமர்ந்திருக்கிறார். மார்த்தா பரிமாறுகிறார். மரியா விலையுயர்ந்த தைலத்தைக் கொண்டுவந்து இயேசுவின் காலடிகளில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறார். முன்பு சகோதரனைக் கல்லறையில் வைத்து அழுதவர். இன்று எல்லார் முன்னிலையிலும் கூந்தலை அவிழ்த்து, வார்த்தையே இல்லாமல் தன் உள்ளத்தைத் திறந்து வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவரைவிட மெலிந்து நின்றவர் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

சரியாக அந்த இடத்தில் யூதாசு அழுத்துகிறான். இதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்றால், ஏறக்குறைய ஓர் ஆண்டுக் கூலி. கணக்கு சரிதான். ஏழைகளின் பெயரும் நல்ல பெயர்தான். ஆனால் ஒரு பெண் முழுவதும் திறந்து நிற்கும் நேரத்தில் அந்தக் கணக்கு அவளை ஒடித்துப் போடும். இயேசு உடனே இடையில் வருகிறார். அவளை விட்டுவிடும்படி சொல்கிறார். தம்முடைய அடக்க நாளுக்கென்றே அவள் இதைச் செய்ததாகப் பொருள் சொல்லிக் கொடுக்கிறார். ஆண்டவர் அந்த மெலிந்த தண்டின் பின்னால் தம் விரல்களை வைத்துவிட்டார். இன்று நாம் வாசித்த எசாயாவின் ஊழியர் இவரே.

அந்த மரக் கோப்பையைத் திருப்பலிக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கலாம். கூடாது. ஆண்டவரின் இரத்தத்தை ஏந்தும் கிண்ணத்தின் உட்புறம் ஈரத்தை உறிஞ்சாத பொருளால் ஆனதாக இருக்கவேண்டும் என்று திருப்பலி நூலின் பொது முன்னுரை 330-ஆம் எண்ணில் சொல்கிறது. மரம் உறிஞ்சிக்கொள்ளும். இது புதிய விதி அல்ல. 895-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் திரிபூர் நகரில் கூடிய ஆயர்கள் மரக் கிண்ணங்களைத் தடை செய்தார்கள். அப்போது அவர்கள் அந்நாட்டின் திருத்தூதர் என்று போற்றப்படும் புனித போனிப்பாசு சொன்னதாக ஒன்றை நினைவுகூர்ந்தார்கள். முன்பு பொன்னான குருக்கள் மரக் கிண்ணத்தில் திருப்பலி நிறைவேற்றினார்கள், இப்போதோ மரமான குருக்கள் பொன் கிண்ணத்தில் நிறைவேற்றுகிறார்கள் என்பது அதன் கருத்து. குருக்களாகிய எங்களுக்கு அது சுருக்கென்று தைக்கவேண்டிய சொல். பீடத்தில் இருக்கிற கிண்ணம் பொன்னாகவே இருக்கட்டும். ஆனால் அதிலிருந்து ஆண்டவரைப் பெறுகிற நாம் உறிஞ்சிக்கொள்ளும் மரமாக இருக்கவேண்டும். அவருடைய மென்மை நம்முள் ஊறாமல் வழிந்துபோனால் என்ன பயன்?

வியாழன் இரவு கெத்சமனியில் ஆண்டவர் தாமே மெலிந்து நிற்பார். இந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலக் கூடாதா என்று தந்தையிடம் மன்றாடுவார். சீடர்கள் மூவரிடம் தம்மோடு விழித்திருக்கும்படிதான் கேட்பார். அந்த நேரத்தில் பின்னால் ஒரு கை வேண்டியிருந்தது. அவர்கள் தூங்கிவிட்டார்கள். தந்தை வானதூதரை அனுப்பி அவரைத் திடப்படுத்தினார் என்கிறார் புனித லூக்கா. அந்த மூவரின் இடத்தில் இன்று நாம் இருக்கிறோம்.

ஆகவே இந்தப் புனித வாரத்தில் மூன்று சிறு செயல்களைக் கேட்டுக்கொள்கிறேன். இது தேர்வுக் காலம். தேர்வு எழுதிவிட்டு வருகிற பிள்ளையிடம் வாசலிலேயே கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள். மே மாதத்தில் முடிவு எப்படி வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு என்பதை முடிவு வருமுன்னே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, உங்கள் தெருவிலோ விடுதியிலோ இருக்கிற வெளிமாநிலப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது உயிர்ப்பு ஞாயிறன்று வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, சோற்றுக்கு மொழி வேண்டாம். மூன்றாவது, உங்கள் வீட்டில் வழக்கத்துக்கு மாறாக மௌனமாகிவிட்டவர் யார் என்று பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவர் ஒரு முறை சொன்னாலும் விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். அருகில் உட்காருங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை அழைப்பது விசுவாசக் குறைவு ஆகாது. அதுவும் ஒரு தாங்கும் கைதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே அந்த மெலிந்த தண்டாக இருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. மெலிந்தது உங்கள் குற்றம் அல்ல. கோப்பையில் தண்டு மெலிந்த இடத்தில்தான் அதைக் கையில் பிடிக்கிறோம். உங்களைக் கடைகிறவர் உங்களை விட்டுக் கையை எடுக்கவில்லை.

மன்றாடுவோமாக: தச்சராக உழைத்த ஆண்டவர் இயேசுவே, மரத்தின் இழையும் மனிதரின் உள்ளமும் அறிந்தவர் நீர். எங்கள் வீடுகளிலும் வேலை இடங்களிலும் மெலிந்து நிற்பவர்களைக் கண்டுகொள்ளும் கண்ணை எங்களுக்குத் தாரும். எங்கள் சொல்லைக் கூர்மையாக்கும், எங்கள் கையை மென்மையாக்கும். நாங்கள் நடுங்கும் வேளையில் உமது கரம் எங்களைத் தாங்குவதாக. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே, ஆமென்.